வீட்டு வரி: ஒரு பழைய வாத்தியாரின் கணக்கு



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது உட்கார்ந்து படியுங்கள். நடுவில் கணக்கு வரும். பயப்பட வேண்டாம், ஐந்தாம் வகுப்புக் கணக்குதான்.

போன ஞாயிற்றுக்கிழமை திருவாடானையில் ஒரு கல்யாணம். பந்தி முடிந்து வெற்றிலைத் தட்டுப் பக்கம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தால், பேச்சு முழுக்க வீட்டு வரிதான். தேவகோட்டைக்காரர், ராமநாதபுரத்துக்காரர், மதுரையிலிருந்து வந்த மருமகன், எல்லாருக்கும் அதே புலம்பல். "மாமா, உங்களுக்கு அரையாண்டுக்கு எவ்வளவு?" என்று பிள்ளைகள் மதிப்பெண் கேட்பது மாதிரி ஒருவரை ஒருவர் விசாரித்துக்கொண்டார்கள். ராத்திரி வீட்டுக்கு வந்து பார்த்தால் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தம்பி மகன் எழுதியிருக்கிறான்: "எல்லாரும் சேர்ந்து வரி கட்டாம இருந்தா என்ன செஞ்சிருவாங்க? பெரியப்பா, நீங்க என்ன சொல்றீங்க?"

குழுவில் பதில் சொல்லவில்லை. இரண்டு வரியில் சொல்லக்கூடிய விஷயம் இல்லை. இங்கே எழுதுகிறேன்.

முதலில் என் வீட்டுக் கதையைச் சொல்ல வேண்டும். சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

1996இல் வருங்கால வைப்பு நிதியில் கடன் போட்டு, உங்கள் அத்தையின் நகையையும் வைத்துக் கட்டிய வீடு. 1,176 சதுர அடி. ஆர்.எஸ்.மங்கலத்தில் அப்போது எங்கள் தெருவில் தளம் போட்ட வீடுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். 2014இல் என் அம்மா இடுப்பு எலும்பு முறிந்து படுத்தபோது, கொல்லைப் பக்கம் நடக்க முடியாது என்று அவர் படுத்திருந்த அறையை ஒட்டி ஒரு குளியலறையும் கழிப்பறையும் சேர்த்துக் கட்டினேன். 6 அடிக்கு 7 அடி. 42 சதுர அடி. அம்மா நாலு வருஷம் அதைப் பயன்படுத்தினார். 2018இல் தவறிவிட்டார்.

அந்த 42 சதுர அடியை நான் வரிக்குச் சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்று எழுதினால் நீங்கள் நம்பிவிடுவீர்கள். ஆனால் மறக்கவில்லை. "கக்கூசுக்குப் போய் எவன் வரி கேட்கப் போறான்" என்று விட்டுவிட்டேன்.

2022இல் வரி திருத்தத்துக்காக வீட்டை அளக்க வந்த பையன் என்னிடம் படித்தவன். டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நிற்கிறான். "சார், தப்பா நெனச்சுக்காதீங்க. பின்னாடியும் அளக்கணும்" என்றான். பரப்பளவு கணக்கு அவனுக்கு நான் சொல்லிக்கொடுத்தது. "அளப்பா" என்றேன். ஒரு அங்குலம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. 1,218 சதுர அடி என்று எழுதினான். அவன் செய்தது சரி. அவன் மேலோ அவன் வேலை செய்யும் இடத்தின் மேலோ எனக்கு எந்தக் குறையும் இல்லை.

ஆனால் அந்த எண்ணைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. ஏன் என்பதற்குத்தான் கணக்கு.

தமிழ்நாட்டில் சென்னை தவிர மற்ற மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சிகளில் அதற்குமுன் சொத்து வரியை மாற்றியது 2008இல். சென்னையில் 1998இல். இடையில் 2018இல் ஒருமுறை உயர்த்தினார்கள். எல்லாரும் கூச்சல் போட்டதும் 2019 நவம்பரில் நிறுத்தி வைத்தார்கள். 2022 பிப்ரவரி 19ஆம் தேதி நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல். 2011க்குப் பிறகு அப்போதுதான் நடந்தது. விரலில் மை வைத்துக்கொண்டு வந்தோம். 41ஆவது நாள், ஏப்ரல் 1ஆம் தேதி, வரி உயர்வு அறிவிப்பு வந்தது. உயர்த்தியதை நிறுத்தி வைத்தது ஒரு ஆட்சி, மறுபடி உயர்த்தியது இன்னொரு ஆட்சி. இரண்டு பேருமே தேர்தல் காலண்டரைப் பார்த்துத்தான் நடந்தார்கள் என்பது என் எண்ணம். கட்சிச் சண்டையைக் கீழே தொடங்க வேண்டாம்.

சென்னை நகர்ப் பகுதி தவிர மற்ற இடங்களில் குடியிருப்புகளுக்கு அறிவித்த உயர்வு இது:

600 சதுர அடி வரை 25 விழுக்காடு.
601 முதல் 1,200 வரை 50 விழுக்காடு.
1,201 முதல் 1,800 வரை 75 விழுக்காடு.
1,800க்கு மேல் 100 விழுக்காடு.

சிறிய வீட்டுக்குக் குறைவு, பெரிய வீட்டுக்கு அதிகம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. இப்போது என் வீட்டைப் பாருங்கள். பழைய வரி அரையாண்டுக்குச் சதுர அடிக்கு 50 காசு வீதம்.

1,176 சதுர அடிக்குப் பழைய வரி 588 ரூபாய். 50 விழுக்காடு கூட்டினால் 882.
1,218 சதுர அடிக்குப் பழைய வரி 609 ரூபாய். 75 விழுக்காடு கூட்டினால் 1,065 ரூபாய் 75 காசு.

வித்தியாசம் 183 ரூபாய் 75 காசு. அந்தக் குளியலறைக்கு மட்டும் 50 விழுக்காடு உயர்வோடு வரி போட்டால் 31 ரூபாய் 50 காசுதான் வரும். மீதி 152 ரூபாய் 25 காசு எதற்கு? 1,200 என்ற கோட்டைத் தாண்டியதற்கு. கோட்டுக்கு அந்தப் பக்கம் போனதால் அந்த 42 அடிக்கு மட்டும் அல்ல, 1996இல் கட்டிய மொத்த வீட்டுக்கும் 75 விழுக்காடு.

இன்னும் தெளிவாகச் சொல்கிறேன். இதே 50 காசு வீதத்தில் சரியாக 1,200 சதுர அடி வீடு வைத்திருப்பவருக்குப் புதிய வரி 900 ரூபாய். 1,201 சதுர அடி வைத்திருப்பவருக்கு 1,050 ரூபாய் 88 காசு. ஒரு சதுர அடி என்பது இரண்டு பாதத்தையும் சேர்த்து வைத்து நிற்கும் இடம். அதற்கு அரையாண்டுக்கு 150 ரூபாய் 88 காசு.

வருமான வரி கட்டுகிறவர்களுக்குத் தெரியும், அங்கே படிநிலை இப்படி இல்லை. மேல் படிக்குப் போனால், அந்தப் படியில் இருக்கும் தொகைக்கு மட்டும்தான் மேல் விகிதம். கீழே உள்ளதற்குக் கீழ் விகிதமேதான். வீட்டுக்கும் அப்படிப் போட்டிருந்தால்? முதல் 600 சதுர அடிக்கு 375 ரூபாய், அடுத்த 600க்கு 450 ரூபாய், மிச்சம் 18 சதுர அடிக்கு 15 ரூபாய் 75 காசு. மொத்தம் 840 ரூபாய் 75 காசு. இதனால் வருமானம் குறையும் என்று சொன்னால், விகிதத்தைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளட்டும். ஆனால் ஒரு அடியில் யாரும் பள்ளத்தில் விழ மாட்டார்கள். மின் கட்டணத்தில் 500 யூனிட்டைத் தாண்டக் கூடாது என்று கடைசி வாரத்தில் மீட்டரைப் பார்த்துப் பார்த்து விசிறியை நிறுத்துகிறோமே, அதே கதைதான். கரண்டையாவது நிறுத்தலாம். கட்டின சுவரை என்ன செய்ய?

ஆக, என் முதல் குறை வரி கூடியது அல்ல, கூட்டிய விதம்.

இரண்டாவது குறை, 14 வருஷம் தூங்கிவிட்டு ஒரே நாளில் எழுந்து ஓடுவது. இதிலும் உங்களிடம் ஒளிக்காமல் ஒரு கணக்குச் சொல்ல வேண்டும். 2008இலிருந்து வருஷம் 6 விழுக்காடு என்று கூட்டிக்கொண்டே வந்திருந்தால் 2022இல் என் 609 ரூபாய் எவ்வளவு ஆகியிருக்கும்? போட்டுப் பார்த்தேன். 1,377 ரூபாய். அதாவது இப்போது கேட்பதைவிட அதிகம்! பென்சிலைக் கீழே வைத்துவிட்டு யோசித்தேன். அந்த 14 வருஷத்தில் என் சம்பளம் எத்தனை முறை கூடியது? அகவிலைப்படி ஆறு மாதத்துக்கு ஒருமுறை கூடவில்லையா? செங்கல், சிமெண்ட், துப்புரவுப் பணியாளரின் கூலி, தெருவிளக்குக் கரண்டுக் கட்டணம் எல்லாம் கூடின. வரி மட்டும் அப்படியே நின்றது. நமக்கு அது சுகமாகத்தான் இருந்தது. அப்போது "ஏன் கூட்டவில்லை" என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. அந்த 42 சதுர அடியைச் சொல்லாத ஆள் நான், எப்படிக் கேட்பேன்?

இப்போது விதி மாறிவிட்டது. 15ஆவது நிதிக் குழு, உள்ளாட்சிகளுக்கு மானியம் வேண்டுமானால் சொத்து வரிக்குக் குறைந்தபட்ச விகிதத்தை அறிவிக்க வேண்டும், வசூலும் மாநில வளர்ச்சியோடு சேர்ந்து கூட வேண்டும் என்று நிபந்தனை போட்டது. அதைக் காட்டித்தான் 2022 உயர்வு வந்தது. பிறகு ஆண்டுதோறும் 6 விழுக்காடு என்ற ஏற்பாடும் வந்தது. 2024 செப்டம்பரில் சென்னை மாமன்றத்தில் அதற்குத் தீர்மானம் போட்டதைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள்.

வருஷம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடுவது, 14 வருஷம் கழித்து மொத்தமாகக் கூடுவதைவிட நல்லது என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் 6 விழுக்காடு என்பதைச் சின்ன எண்ணாக நினைக்காதீர்கள். கூட்டு வட்டி நடத்தும்போது சொன்னது ஞாபகம் இருக்கிறதா? 72ஐ 6ஆல் வகுத்தால் 12. பன்னிரண்டு வருஷத்தில் இரண்டு மடங்கு. எனக்கு இப்போது 66. 78 வயதில் நான் இருந்தால் 2,144 ரூபாய் கட்டிக்கொண்டிருப்பேன். எனக்கு ஓய்வூதியம் வருகிறது, கட்டிவிடுவேன்.

கட்ட முடியாதவர்களைப் பற்றித்தான் என் மூன்றாவது குறை.

எங்கள் பக்கத்துத் தெருவில் ஒரு அக்கா இருக்கிறார். அந்தக் காலத்தில் மூன்று குடும்பம் சேர்ந்து இருந்த ஓட்டு வீடு. முன் கட்டு, முற்றம், பின் கட்டு என்று 1,800 சதுர அடிக்கு மேல். அண்ணன் தம்பிகள் எல்லாம் பிழைப்பைத் தேடி வெளியூர் போய்விட்டார்கள். அவர் மட்டும் முன் கட்டில் இரண்டு அறையில் இருக்கிறார். பின் கட்டில் ஓடு சரிந்து, மழைக்கு ஆடுகள்தான் ஒதுங்குகின்றன. வருமானம் என்று பார்த்தால் அந்த ஆடுகளும் மகள் அனுப்பும் பணமும்தான். அளவுப்படி அவர் வீடு பெரிய வீடு. உயர்வு 100 விழுக்காடு. அதே தெருவில் 590 சதுர அடியில் புதிதாகக் கட்டி, உள்ளே ஏசி போட்டு, வெளியே கார் நிற்கும் வீட்டுக்கு 25 விழுக்காடு. சதுர அடியைப் பார்த்தால் பணக்காரர் யார், ஏழை யார் என்று தெரிந்துவிடுமா?

வீட்டு வரியின் அடிப்படையே ஆண்டு வாடகை மதிப்புதான். இந்த வீட்டை வாடகைக்கு விட்டால் என்ன கிடைக்கும் என்று ஒரு கணக்கு. அந்த அக்காவின் பின் கட்டை யார் வாடகைக்கு எடுப்பார்கள்? குடியிருக்கும் வீடு சோறு போடாது. கேரளத்தில் 60 சதுர மீட்டர் வரையுள்ள சொந்தக் குடியிருப்புக்கு வரிவிலக்கு கொடுத்திருக்கிறார்கள். இங்கே தனியாக இருக்கும் முதியவர்களுக்கு, அவர்கள் குடியிருக்கும் ஒரே வீட்டுக்கு, வருமானத்தைப் பார்த்து ஒரு சலுகை கொடுத்தால் அரசாங்கம் ஒன்றும் முழுகிப்போகாது.

சரி, தம்பி மகனின் கேள்விக்கு வருகிறேன். எல்லாரும் கட்டாமல் இருந்தால்?

அப்படி நடந்திருக்கிறது. 1810இல் கிழக்கிந்தியக் கம்பெனி காசியில் வீட்டு வரி போட்டது. ஜனங்கள் கடையை அடைத்து, வீட்டைப் பூட்டி, வெட்டவெளியில் போய் உட்கார்ந்துவிட்டார்கள். காந்திக்கு நூறு வருஷத்துக்கு முன்னால். கடைசியில் கம்பெனி 1811இல் அந்த வரியை விலக்கிக்கொண்டது. படிக்கும்போது பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பணம் கம்பெனிக்குப் போன பணம். அவர்களுக்கு ஓட்டும் இல்லை, கவுன்சிலரும் இல்லை.

இன்னொன்றும் நடந்திருக்கிறது. 1978இல் அமெரிக்காவில் கலிபோர்னியா மக்கள் வீட்டு வரி உயர்வு தாங்காமல் ஓட்டெடுப்பே நடத்தி, வரி மதிப்பில் 1 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது, வரிக்கான மதிப்பு வருஷத்துக்கு 2 விழுக்காட்டுக்கு மேல் கூடக் கூடாது என்று சட்டமே ஆக்கிவிட்டார்கள். வயதானவர்கள் வீட்டை விற்காமல் தப்பித்தார்கள். ஆனால் வீட்டு வரி வருமானம் ஒரே அடியாகப் பாதிக்குமேல் விழுந்தது. அதை நம்பியிருந்த பள்ளிக்கூடங்களுக்கும் நூலகங்களுக்கும் அடி விழுந்தது. ஒரு வாத்தியாராக அந்தப் பகுதியைப் படித்துவிட்டு என்னால் கை தட்ட முடியவில்லை.

நம் வீட்டு வரியோடு ரூபாய்க்கு 10 காசு நூலக வரியும் சேர்ந்து போகிறது, தெரியுமா? 1948இல் வந்த நூலகச் சட்டத்தின் புண்ணியம். உங்களில் எத்தனை பேர் கிளை நூலகத்தில் உட்கார்ந்து போட்டித் தேர்வுக்குப் படித்து இன்று உத்தியோகத்தில் இருக்கிறீர்கள்! அந்த மேசையிலும் நாற்காலியிலும் யார் யாரோ கட்டிய வீட்டு வரி இருக்கிறது.

நம் ஊர்ப் பெரிய கண்மாயை நினைத்துக்கொள்ளுங்கள். நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடைக் கண்மாய் என்று பேர் வாங்கியது. அந்தக் காலத்தில் குடிமராமத்து என்று இருந்தது. வீட்டுக்கு ஒரு ஆள் மண்வெட்டியோடு போக வேண்டும், முடியாதவர்கள் கூலி கொடுக்க வேண்டும். என் தாத்தா வராதவன் வீட்டு வாசலில் போய் நின்று கூப்பிடுவாராம். யாரும் அதை எதிர்த்து முறையிட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. காரணம், வெட்டிய மண் கரையில் கண்ணுக்குத் தெரியும். இன்று நீ போட்ட மண்ணில் நாளைக்கு உன் வயலுக்குத் தண்ணீர். யார் வந்தான், யார் வரவில்லை என்பதும் ஊருக்கே தெரியும்.

வீட்டு வரியும் அதே குடிமராமத்துதான், மண்வெட்டிக்குப் பதில் காசு. ஆனால் கரை கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆயிரத்துச் சொச்சம் கட்டிவிட்டு வருகிறேன். என் தெருவில் இந்த வருஷம் எவ்வளவு வசூல், எதற்கு எவ்வளவு செலவு என்று யாரும் எழுதி வைத்துக் காட்டுவதில்லை. கட்டுகிறவன் மனதில் எரிச்சல் வருவது இதனால்தான். 183 ரூபாய்க்காக அல்ல.

ஆகவே தம்பி மகனுக்குப் பெரியப்பாவின் பதில்: வரியைக் கட்டு. கட்டிவிட்டுக் கேள்.

எப்படிக் கேட்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் உங்கள் வீட்டுக்குப் பதிவேட்டில் எத்தனை சதுர அடி எழுதியிருக்கிறது என்று பாருங்கள். நீங்களே டேப்பைப் பிடித்து அளந்து பாருங்கள். 600, 1,200, 1,800 பக்கத்தில் இருப்பவர்கள் கண்டிப்பாக அளக்க வேண்டும். தவறு இருந்தால் எழுத்தில் மனு கொடுங்கள், கொடுத்ததற்கு ஒப்புகை வாங்குங்கள். வாயால் சொன்னது காற்றோடு போய்விடும்.

இரண்டாவது, அரையாண்டு தொடங்கிய முதல் மாதத்தில், அதாவது ஏப்ரலிலும் அக்டோபரிலும் கட்டினால் 5 விழுக்காடு ஊக்கத்தொகை உண்டு, 5,000 ரூபாய் வரை. தாமதமானால் மாதத்துக்கு 1 விழுக்காடு கூடுதலாகக் கேட்பார்கள். கட்டாமல் போராடுகிறேன் என்று உட்கார்ந்தால் இந்த இரண்டும் நஷ்டம்.

மூன்றாவது, 2022 நவம்பர் 1, உள்ளாட்சி நாளிலிருந்து நகரப் பகுதிகளிலும் பகுதி சபைக் கூட்டம் என்று தொடங்கியிருக்கிறார்கள். கிராம சபை மாதிரி. உங்கள் பகுதியில் கூட்டம் எப்போது என்று கவுன்சிலரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு போங்கள். போய் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "போன வருஷம் நம் வார்டில் எவ்வளவு வரி வந்தது, என்ன செலவு ஆனது?" பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய்.

நான் என்ன செய்யப் போகிறேன் என்றும் சொல்ல வேண்டும் அல்லவா, ஊருக்கு உபதேசம் மட்டும் போதாது.

திங்கட்கிழமை இரண்டு காகிதம் எழுதிக்கொண்டு போகிறேன். ஒன்று, அரசாங்கத்துக்கு மனு. படிநிலையை வருமான வரி மாதிரி மாற்றுங்கள், தனியாக இருக்கும் வயதானவர்களுக்குச் சலுகை கொடுங்கள் என்று, மேலே போட்ட கணக்கோடு. பக்கத்துத் தெரு அக்காவும் கையெழுத்துப் போடுகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

இன்னொன்று என் பாக்கி. 42 சதுர அடி, 50 காசு வீதம், அரையாண்டுக்கு 21 ரூபாய். 2014இலிருந்து 2022 வரை 16 அரையாண்டு. 336 ரூபாய். இதுவரை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அன்று டேப்பைப் பிடித்துக்கொண்டு "தப்பா நெனச்சுக்காதீங்க சார்" என்று வாசலில் நின்றானே, அவன் முகம்தான் கண்ணுக்குள் நிற்கிறது. எந்தத் தலைப்பில் வரவு வைப்பார்கள் என்று அவனே பார்த்துச் சொல்லட்டும்.

உங்கள் வீட்டு அளவையும் பழைய வரியையும் கீழே போடுங்கள். எந்தப் படியில் வருகிறீர்கள், எவ்வளவு வர வேண்டும் என்று கணக்குப் போட்டுத் தருகிறேன். என் கணக்கில் தவறு இருந்தாலும் சொல்லுங்கள். உங்களுக்கெல்லாம் எத்தனை தப்புக்குச் சிவப்பு மையில் சுழித்திருக்கிறேன், இப்போது உங்கள் முறை.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்,
ஆர்.எஸ்.மங்கலம்